முறிந்த பிரதிக்கினை

தாமிரபரணி கடலோடு கலக்குமுன் கடைசியாக வளமூட்டிச் செல்லும் ஊர்களுள் ஆத்தூரும் ஒன்று. ஊரைச் சூழ்ந்து நிற்கும் வெற்றிலைக் கொடிக்கால்களே அதன் அடையாளம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தலைமுறை தலைமுறையாய்ச் சேற்றில் நின்று கொடி கட்டிய கைகளுக்கு ஒரு சிறப்புக் கிடைத்ததென்று நாமும் மகிழ்ந்தோம்.

அக்கொடிக்கால்களில் உழைக்கும் ஒருவர், அகவை ஐம்பதை நெருங்குபவர், சென்ற தவக்காலத்தின் இறுதி வாரத்தில் நம்மைத் தேடி வந்தார். ஐந்து ஆண்டுகளாகச் சாம்பல் புதனன்று பீடிக்கட்டை ஆற்றில் வீசி எறிந்து வருபவர் அவர். ஒரு முறை இரண்டு வாரம் தாங்கினார். ஒரு முறை பாஸ்கா வரை தாங்கினார். ஒரு முறை ஒன்பது மாதம் பீடியைத் தொடவே இல்லை. அண்ணன் இறந்த இரவில், துக்க வீட்டு வாசலில் யாரோ நீட்டிய ஒற்றைப் பீடி அந்த ஒன்பது மாதத்தையும் விழுங்கிவிட்டது. மூச்சுக்குழாய் கெடத் தொடங்கியிருப்பதாக மருத்துவர் எச்சரித்துள்ளார். மணவயதில் ஒரு மகள் இருக்கிறாள். இத்தனையும் அறிந்தவர்தாம் அவர். அறியாமை அவருடைய நோயன்று.

ஒப்புரவுக்காக வந்தவர் போல் அவர் தோன்றவில்லை. கணக்கை முடித்துக்கொள்ள வந்தவர் போல நின்றார். “சாமி, இந்தத் தடவை என்னைப் பிரதிக்கினை பண்ணச் சொல்லாதீங்க. பீடி குடிக்கிற தப்போட, ஆண்டவருகிட்டப் பொய் சொன்ன பாவமும் சேருது” என்றார்.

நாம் அன்று அவருக்கு ஏதோ ஆறுதல் கூறி அனுப்பினோம். அம்மறுமொழி நமக்கே நிறைவளிக்கவில்லை. முறிந்துபோன பிரதிக்கினை பொய்யா? மீண்டும் மீண்டும் விழுகிறவன் மீண்டும் மீண்டும் வாக்களிப்பது கடவுளை ஏய்ப்பதாகுமா? இவ்வினாவை முதலில் எழுப்பியவர் அவரல்லர். நம் முத்துக்குளித்துறையும் நம் திருச்சபையும் நூற்றாண்டுகளாக இதனோடு மல்லாடியுள்ளன. அவருக்கு அன்று கூறியிருக்க வேண்டியவற்றை வரலாற்றின் துணைகொண்டு இங்கே எழுத முற்படுகிறோம். அவர் போன்றோர் நம் ஒவ்வொரு பங்கிலும் உளர்.

காயலின் பழைய பழக்கம்

ஆத்தூருக்கு அணித்தே உள்ளது பழையகாயல். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ வந்திறங்கிய காயல் துறைமுகம் இதுவே என்று ஆய்வாளர் கருதுவர். அரேபியாவிலிருந்து குதிரைகளோடு வந்த கப்பல்களையும், பாண்டிய மன்னரின் செல்வச் சிறப்பையும் வியந்து எழுதிய அப்பயணி, இன்னொன்றையும் குறித்து வைத்தார். இவ்வூரார் எந்நேரமும் ஓர் இலையை வாயிலிட்டு மென்று துப்பிக்கொண்டே இருக்கின்றனர். மன்னரும் செல்வரும் அவ்விலையைக் கர்ப்பூரமும் நறுமணப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்லுகின்றனர் என்பது அவர் கண்ட காட்சி.

புகையிலை இந்நாட்டிற்கு வருவதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்பு இது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, பழக்கம் என்பது தனி ஒருவருடைய வாயில் தொடங்குவதில்லை என்பதே. அது ஊரின் உபசாரத்தில் தொடங்குகிறது. வந்தவர்க்கு வெற்றிலை தருவது மரியாதை, தராதது குறை. பின்னாளில் புகையிலை வந்தபோது, தனக்கென்று புதிய இருக்கை ஒன்றை அது தேட வேண்டியிருக்கவில்லை. வெற்றிலைத் தட்டிலேயே அதற்கு இடம் கிடைத்தது. இன்றும் மண வீட்டிலும் துக்க வீட்டிலும் வெற்றிலைத் தட்டின் ஓரத்தில் பீடிக்கட்டும் சிகரெட்டுப் பெட்டியும் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. நம் நண்பரின் ஒன்பது மாதத்தை விழுங்கிய பீடி அத்தகைய தட்டிலிருந்து வந்ததே. அவருடைய கை நடுங்கியது உண்மை. நீட்டிய கை ஊருடையது என்பதும் உண்மை.

சவேரியாரின் இரு முகங்கள்

ஆத்தூரிலிருந்து ஆற்றின் போக்கிலே சென்றால் முகத்துவாரத்தில் நிற்பது புன்னைக்காயல். 1542-இல் இக்கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1544-ஆம் ஆண்டில் தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்கள் பல நமக்குக் கிடைத்துள்ளன. கடற்கரை மக்களின் பழக்கங்களோடு ஒரு புனிதர் நடத்திய போராட்டத்தை அவற்றில் காண்கிறோம்.

அன்றைய சிக்கல் பீடியன்று, சாராயம். சாராயம் குடிக்கும் பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு பணம் என்ற கணக்கையும், மூன்று நாள் காவலையும் விதித்து, அதை ஊரறியச் செய்யுமாறு சவேரியார் பணித்தார். புன்னைக்காயலில் இனியும் சாராயம் குடிக்கப்படுவதாகத் தாம் அறிந்தால், அதற்குப் பட்டங்கட்டிமார் விலை கொடுக்க நேரும் என்றும் எச்சரித்தார். தண்டமும் சிறையும் எவ்வளவு பயன் தந்தன? இக்கடற்கரையின் பிற்கால வரலாற்றை அறிந்த எவரும், சாராயம் அத்தண்டத்தோடு ஒழிந்துவிட்டதென்று கூறார். குடித்தவரில் பெண்களை முதலில் பிடித்த அச்சட்டம், அவர்களைச் சூழ்ந்திருந்த ஊரைத் திருத்திவிடவும் இல்லை.

ஆயின் அதே 1544-இல், அதே மன்சிலாசுக்கு, அதே எழுதுகோல் வேறொன்றையும் எழுதிற்று. இம்மக்களிடம், தவறு செய்யும் பிள்ளைகளிடம் நல்ல தந்தை நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்ளும்படி சவேரியார் அவரை வேண்டுகிறார். அவர்கள் எத்தனை தீமை செய்யக் கண்டாலும் சோர்ந்துவிடலாகாது. அவர்களால் மனம் நோகடிக்கப்படும் இறைவனே அவர்களை அழித்துவிடாமல் தாங்கி வருகையில், நாம் சலிப்படைவது எங்ஙனம் தகும் என்பதே அவருடைய அறிவுரையின் சாரம்.

தண்டம் விதித்த சவேரியாரும் இவரே. தந்தையாகச் சொன்ன சவேரியாரும் இவரே. காலம் இவ்விரண்டில் எதைக் காத்து வைத்தது? ஒரு பணத் தண்டத்தை இன்று ஆய்வாளரே நினைவில் வைத்துள்ளனர். சோர்வடையாத தந்தையையோ மணப்பாடு முதல் வேம்பாறு வரை கடற்கரை முழுவதும் இன்னும் தன் நெஞ்சில் வைத்துள்ளது.

ஆணையால் அணையாத புகை

சவேரியார் காலத்தில் இக்கரையில் இல்லாத புகையிலை, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவை அடைந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பிசப்பூரிலிருந்து அக்பரின் அவைவரை சென்றுவிட்டது. அவர் மகன் சகாங்கீர் 1617-இல் புகைப்பதைத் தடை செய்தார். பேரரசரின் ஆணை ஏட்டில் நின்றது. புகை நாடெங்கும் பரவிற்று.

திருச்சபையின் தலைமையும் இதே பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. இசுபானிய நாட்டின் செவில் மறைமாவட்ட ஆலயங்களுக்குள் புகையிலையைப் பயன்படுத்துவோரைச் சபை நீக்கம் செய்வதாகத் திருத்தந்தை எட்டாம் உர்பான் 1642-இல் அறிவித்தார். 1650-இல் பத்தாம் இன்னொசெந்து, உரோமைத் தூய பேதுரு பேராலயத்திற்கும் இத்தகைய தடையை விதித்தார். குற்றமாகக் கருதப்பட்டது ஆலயத்தின் புனிதத்தைக் குலைத்தலே. புகையிலையை எங்கும் எவரும் தொடலாகாது என்று அவ்வாணைகள் கூறவில்லை. அவ்வளவு குறுகிய தடையும் நிலைக்கவில்லை. மூக்குப்பொடிக்காக வழிபாட்டின் நடுவே வெளியே செல்வதும் திரும்புவதுமாகப் பலர் இருக்கவே, 1725-இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் பேராலயத் தடையை நீக்கினார். சபை நீக்கம் என்ற மிகப் பெரிய தண்டனையையும் ஒரு சிட்டிகைப் பொடி தோற்கடித்தது!

ஆகவே அன்பரே, பழக்கத்தின் முன் தோற்றவர் நீர் ஒருவர் மட்டுமல்லர். அரசரும் ஆயரும் தோற்றுள்ளனர். ஆணை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதி 2008 அக்டோபர் 2 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது, அது நல்லதே. வத்திக்கானில் ஊழியர்க்குச் சிகரெட்டு விற்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இலிருந்து நிறுத்தியதும் நல்லதே. ஆயினும் ஆணை நீட்டும் கையைத் தடுக்குமேயன்றி, ஏங்கும் நெஞ்சை எழுப்பாது. அதற்கு வேறொரு வழி வேண்டும். அவ்வழியைத் திருச்சபை தன் ஒப்புரவு அருட்சாதனத்தின் வரலாற்றில், மெல்ல மெல்லக் கண்டடைந்தது.

ஒரே முறை திறந்த கதவு

இன்று நாம் எத்தனை முறை வேண்டுமாயினும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். தொடக்கத் திருச்சபையில் நிலைமை வேறு. திருமுழுக்குக்குப்பின் கொலை, விபசாரம், மறுதலிப்பு போன்ற கனமான பாவங்களில் விழுந்தவர்க்கு வெளிப்படையான தவமுயற்சி உண்டு. ஆனால் வாழ்நாளில் ஒரே முறைதான். 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் இதனைக் கப்பற்சேதத்தில் தத்தளிப்பவன் பற்றிக்கொள்ளும் பலகைக்கு ஒப்பிட்டார். கடலோர மக்களாகிய நமக்கு அவ்வுவமையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அலையில் கிடைக்கும் பலகை ஒன்றுதான். அதையும் நழுவவிட்டவனுக்கு வேறு கிடையாது. இக்கடுமைக்கு அஞ்சிப் பலரும் மரணப்படுக்கை வரை தவமுயற்சியைத் தள்ளிப்போட்டனர் என்பது வரலாறு.

இந்நிலையை மாற்றியதில் அயர்லாந்துத் துறவியருக்குப் பெரும் பங்கு உண்டு. தனித்துச் சென்று பாவத்தை அறிக்கையிடுவதும், வேண்டியபோதெல்லாம் திரும்பி வருவதும் அவர்களிடையே வழக்கமாயின. 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் அவ்வழக்கம் ஐரோப்பாவெங்கும் பரவியது. எதிர்ப்பும் எழாமல் இல்லை. பாவத்தில் விழும்போதெல்லாம் குருவிடம் ஒப்புரவு கேட்கும் வழக்கத்தை 589-இல் கூடிய தொலேதோ சங்கம் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவ அறிக்கை செய்ய வேண்டுமென்று கட்டளையிட்டது. ஓர் இடத்தில் துணிச்சலென்று கண்டிக்கப்பட்டது, 626 ஆண்டுகளுக்குப்பின் திருச்சபை முழுவதற்கும் கடமையாயிற்று!

இடையில் நிகழ்ந்தது என்ன? பாவம் இலேசாகிவிட்டதா? இல்லை. மனிதர் ஒரே முறை விழுந்து ஒரே முறை எழுவதில்லை என்பதை மேய்ப்பர்கள் தம் மந்தையிடமிருந்து கற்றனர். ஆண்டவர் அதை முன்னரே கற்பித்திருந்தார். எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறையா என்று கேட்ட பேதுருவுக்கு, எண்ணி முடிக்க இயலாத ஒரு கணக்கை அவர் தந்தார். அக்கேள்வியைக் கேட்ட மீனவரே பின்பு ஓரிரவில் மூன்று முறை மறுதலித்து விழுந்தார். அவருக்கே அக்கணக்கு முதலில் தேவைப்பட்டது.

இம்மரபு நம் கடற்கரைக்கும் வந்தது. புன்னைக்காயலில் நெடுங்காலம் உழைத்து 1600-இல் அங்கேயே உயிர்நீத்த அண்டிரிக் அடிகளார், பாவசங்கீர்த்தனத்திற்கு மக்களை ஆயத்தப்படுத்தும் கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்கினார். 1580-இல் கொச்சியில் அச்சேறிய அந்நூல், தமிழில் அச்சான முதல் சில நூல்களுள் ஒன்று. அச்சுக்கலை தமிழுக்கு வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளாகவே, விழுந்தவர் எழுவதற்கென்று ஒரு நூல் அச்சிடப்பட்டது என்பதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் நெகிழ்கிறது.

முப்பது ஆண்டுகள் வெளியே நின்றவர்

கதவு பலமுறை திறக்கும் என்று ஏற்றுக்கொண்ட பின்னும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. மீண்டும் விழுவோமென்று அறிந்தே வருபவனுடைய பிரதிக்கினை உண்மையானதா? நம் ஆத்தூர் நண்பரின் வினாவும் இதுவே.

சீன நாட்டில் 1834-இல் பிறந்த மாற்கு ஜி தியான்சியாங் என்பவர் மருத்துவர். ஏழைகளுக்கு இலவசமாக மருந்தளித்த நல்ல கிறித்தவர். தமக்கு வந்த வயிற்று நோய்க்கு மருந்தாக அபின் உட்கொள்ளத் தொடங்கி, அதற்கே அடிமையானார். திரும்பத் திரும்ப அதே பாவத்தை அறிக்கையிட்டார். உண்மையான மனத்தாபம் இருந்தால் விட்டிருப்பாரே என்று எண்ணிய அவருடைய குரு, விடும்வரை பாவமன்னிப்பு இல்லை என்று கூறிவிட்டார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்குப் பாவமன்னிப்பும் இல்லை, நற்கருணையும் இல்லை. அபின் அவரை விடவில்லை. அவரும் ஆலயத்தை விடவில்லை. எல்லாரும் நற்கருணை வாங்கச் செல்லும்போது வாங்காமல் இருந்தபடியே முப்பது ஆண்டுகள் செபித்தார்.

1900-இல் பாக்சர் கலகத்தின்போது குடும்பத்தோடு பிடிபட்டார். தம் வீட்டார் எவரும் தனித்துச் சாகலாகாது என்பதற்காகத் தம்மைக் கடைசியாகக் கொல்லுமாறு அவர் கேட்டுக்கொண்டதாகவும், அன்னை மரியாவின் பிரார்த்தனையைப் பாடியவாறே உயிர் நீத்ததாகவும் அவருடைய வரலாறு கூறும். நாள் சூலை 7. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சீன மறைசாட்சியர் 120 பேருள் ஒருவராக அவரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அபின் பழக்கத்தினின்று அவர் விடுபட்டார் என்பதற்கு எச்சான்றும் இல்லை. விடாது திரும்பி வந்தார் என்பதற்கே சான்று உண்டு.

அதே திருத்தந்தை, அதற்கு நான்காண்டுகள் முன், 1996-இல், கர்தினால் வில்லியம் பாம் அவர்களுக்கு எழுதிய மடலில் நம் வினாவிற்கு நேரான விடையைத் தந்துள்ளார். மீண்டும் விழ நேரலாமென்று ஒருவர் தம் அறிவால் முன்கூட்டியே உணர்வது, விழக்கூடாது என்ற அவருடைய மனவுறுதியைப் பொய்யாக்கிவிடாது என்பதே அவ்விடையின் கருத்து. பிரதிக்கினை என்பது இன்றைய விருப்பத்தின் சொல். நாளை நடப்பதைக் கணித்துக் கூறும் சோதிடமன்று அது. இன்று மெய்யாகவே விரும்பியவன், நாளை தவறினால் தோற்றவனாவான், பொய்யனாக மாட்டான். மாற்கின் குருவுக்கு எட்டாதிருந்த இத்தெளிவு, நம் நண்பருக்குக் கிட்ட வேண்டும். திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் 1992-இல், புகையிலை உள்ளிட்டவற்றை அளவிறந்து நுகர்தல் மிதம் என்னும் நற்பண்புக்கு மாறானது என்று கூறுகையில், ஊறிப்போன பழக்கம் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதையும் ஏற்கிறது. தீமையைத் தீமை என்றே சொல்லியும், விழுந்தவரைத் தாங்கியும் பேச இயலும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மூன்றே மாத வாக்கு

டப்ளின் நகரக் கூலித் தொழிலாளி மாத்யூ தால்பட் பன்னிரண்டு வயதிலேயே குடிக்கத் தொடங்கியவர். 1884-இல், 28-ஆம் வயதில், கையில் காசின்றி மதுக்கடை வாசலில் நின்றார். தம் காசில் குடித்த நண்பர் ஒருவரும் தம்மை உள்ளே அழைக்காதது கண்டு மனம் கசந்து திரும்பினார். அன்றே குருவிடம் சென்று குடிப்பதில்லை என்று வாக்களித்தார். எத்தனை காலத்திற்கு? மூன்று மாதத்திற்கு மட்டும்! அது முடிந்தபின் நீட்டித்து, இறுதியில் வாழ்நாள் முழுமைக்கும் ஆக்கிக்கொண்டார். மாலை வேளைகளில் மதுக்கடைப் பக்கம் கால் செல்லாதிருக்க ஆலயங்களை நாடிச் சென்றார். 1925-இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் இறக்கும்வரை, 41 ஆண்டுகள் அவர் குடிக்கவில்லை. 1975-இல் அவர் வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்கப்பட்டார். புகைப்பதையும் விட்ட அவர், குடியை விட்டதைவிடப் புகையிலையை விட்டதே தமக்குக் கடினமாயிருந்தது என்று கூறியதாக அறிகிறோம். பீடியை விடுவது சிறிய செயல் என்று எண்ணி நகைப்போர் இதைக் கேட்பார்களாக.

அறிவியலும் இதற்குச் சான்று பகர்கிறது. புகையை இழுத்த சில நொடிகளிலேயே நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. அபினிலிருந்து எடுக்கப்படும் எராயினைப் போலவே அதுவும் மனிதரை அடிமையாக்கும் பொருள் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1988-இல் அறிவித்தார். மாற்கு ஜி தியான்சியாங்கிற்கும் நம் நண்பருக்கும் இடையே நாம் கண்ட உறவு, வெறும் உவமையன்று.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950-இல் பிரிட்டனில் வெளிப்படுத்தியவருள் ஒருவர் ரிச்சர்டு டால் என்னும் அறிஞர். அவரே புகைத்தவர், தம் ஆய்வின் முடிவைக் கண்டு விட்டவர். பிரிட்டிசு மருத்துவரை 50 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2004-இல் அவரும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட முடிவின்படி, புகைப்பதை 60 வயதில் விடுபவர் ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுளையும், 50 வயதில் விடுபவர் 6 ஆண்டையும், 40 வயதில் விடுபவர் 9 ஆண்டையும் திரும்பப் பெறுகின்றனர். ஐம்பதை நெருங்கும் தந்தைக்கு ஆறாண்டுகள் என்றால், பேரக்குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் காலம் அது.

எழுவார்க்குச் சில சொற்கள்

மூன்றே மாத வாக்கினின்று நாம் கற்க வேண்டியது ஒன்று. வாழ்நாள் முழுமைக்கும் வாக்களிக்க அஞ்சுபவர், இந்த வாரத்திற்கு வாக்களிக்கட்டும். இயலாவிடில் இன்று மாலை வரைக்கும். உடலின் வேதனை முதல் வாரத்தில் மிகுந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். திடீரென எழும் ஏக்கமோ பெரும்பாலும் சில நிமிடங்களே நிற்கும். ஒரு செபமாலையின் பத்து மணிகளைச் சொல்லி முடிக்குமுன் அது தணியக்கூடும். மருத்துவரை நாடுவதும் நம்பிக்கைக் குறைவன்று. நிக்கோட்டின் மெல்லும் பசை, தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரை ஆகியன அவருடைய மேற்பார்வையில் உதவும். 1800 11 2356 என்னும் கட்டணமில்லா அரசு ஆலோசனை எண்ணைச் சிகரெட்டுப் பெட்டியின் மேலேயே அச்சிட்டுள்ளனர். நஞ்சின் உறையிலேயே அதை விடும் வழியும் எழுதப்பட்டுள்ளது.

விழுந்துவிட்டால்? எதனால் விழுந்தோம் என்று எழுதி வையுங்கள். துக்க வீடா, இரவுக் காவலா, தேநீர்க் கடையா, தனிமையா? அடுத்த முறை வாயிலில் காவல் நிறுத்த அது உதவும். ஒரு பீடி குடித்ததற்காகக் கட்டு முழுவதையும் குடித்து முடிக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதம் தாங்கியவருக்கு அவ்வொன்பது மாதம் வீணாகிவிடவில்லை. நுரையீரல் அக்காலமெல்லாம் நல்ல காற்றை உண்டிருக்கிறது. தம்மால் இயலும் என்பதற்கு அவரே சாட்சியாகியிருக்கிறார்.

வீட்டாரிடமும் ஊராரிடமும் ஒரு வேண்டுகோள். “இவர் எத்தனாவது தடவையா விடுறாரு” என்று நகைக்காதீர்கள். அந்நகைப்பு அவரை மறைவில் புகைக்க வைக்குமேயன்றி, விட வைக்காது. மண வீட்டிலும் துக்க வீட்டிலும் தட்டின் ஓரத்திலுள்ள பீடிக்கட்டை எடுத்துவிடுங்கள். வெற்றிலைத் தட்டில் அது இல்லாமலே காயல் துறைமுகம் உலகப் பயணிகளை உபசரித்தது என்பதை மறக்க வேண்டாம். இன்றோ வெற்றிலையோடு சேரும் பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் என்று மருத்துவ உலகம் உறுதி செய்துள்ளதால், அவ்வுபசாரத்திலும் அளவறிதல் நன்று.

இறுதியாக, நம் நண்பருக்கு. அவருடைய தொழிலில் அவர் நன்கறிந்த ஒன்றை அவருக்கே நினைவூட்டுகிறோம். ஓராண்டில் ஆள் உயரத்தையும் கடந்து ஏறிவிட்ட வெற்றிலைக் கொடியின் இலை சிறுத்துப்போகும். அப்போது கொடியை இறக்கி, வளைத்து, அடியில் மண்ணோடு சேர்த்து வைப்பர். அறியாதார் கண்ணுக்கு அது வீழ்ந்த கொடி. கொடிக்கால்காரருக்கோ அது முடிவன்று. வளைந்து கிடக்கும் கணுக்களிலிருந்தே புதிய தளிர்கள் கிளம்பி மேலேறும் என்று அவருக்குத் தெரியும். இவ்வேலை நடைபெறுவது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில். அதாவது நம் தவக்காலத்தையும் பாஸ்காவையும் ஒட்டியே.

அன்று கூறத் தவறியதை இன்று கூறுகிறோம், தம்பி. நீர் ஆண்டவரிடம் பொய் சொல்லவில்லை. ஐந்து முறை உண்மை சொன்னீர். ஐந்து முறை தோற்றீர். ஆறாம் முறையும் வாரும். ஒரு வாரத்திற்கு மட்டும் வாக்களியும். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப்பின் நாம் ஆலய வாசலில் காத்திருப்போம். தாங்கியிருந்தால் நன்றி கூறுவோம்; தவறியிருந்தால் மறு வாரத்திற்குத் தொடங்குவோம்.